இரண்டாவது ஓம்

என் வாழ்நாளில் நான் ஆஸ்பத்திரியில் படுத்தது ஒரே ஒரு முறைதான். எண்பத்துமூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம், பூச்சி மருந்து உடம்பில் ஏறி, ஏறக்குறைய இரண்டு கிழமை படுத்திருந்தேன். செத்துப்போயிருக்கலாம் என்று பிறகு சொன்னார்கள். ஆனால் அந்த நாட்களை நினைத்தால் முதலில் வருவது பயமல்ல. வெறும் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்ற ஆஸ்பத்திரிப் பாணின் ருசி, பின்னேரங்களில் கடற்பக்கமிருந்து வார்ட்டுக்குள் நுழையும் காற்று, பக்கத்துக் கட்டிலில் ஒருவன் சிரிக்கும் சத்தம் இவைதான் வருகின்றன. அங்கே இன்னும் சில நாள் இருந்திருக்கலாம் என்றுகூட மனம் ஏங்குகிறது. அப்படி ஏங்க எனக்கு உரிமையில்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அப்போது அரசாங்கக் கந்தோர் ஒன்றில் தலைமை எழுத்தர். உடுவிலில் வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி எனக்கொரு செம்பாட்டுத் தறை இருந்தது. வெங்காயமும் மிளகாயும் வைப்பேன். கந்தோர் விட்டு வந்தால் தோட்டம்தான். வேலைக்குக் கூலியாட்கள் வேண்டும். கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்டவர்கள் வன்னியில் காட்டை வெட்டிக் குடியிருந்தார்கள். வெங்காயக் காலத்தில் அவர்களில் ஆண்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கூலிக்கு வருவார்கள். எங்கள் ஊரவர்களைவிடக் குறைந்த கூலிக்கு நிற்பார்கள். என்ன சொன்னாலும் செய்வார்கள். அப்படி வந்தவன்தான் சன்னாசி.

முப்பது வயதிருக்கும். பெயர்தான் சன்னாசி, வீட்டில் பெண்சாதியும் இரண்டு குழந்தைகளும் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். அவனிடம் அடையாள அட்டை இல்லை. தொலைந்ததல்ல, அவனுக்கு எப்போதுமே இருந்ததில்லை. பாட்டன் இந்தியாவிலிருந்து வந்தவர் என்பதால் இந்த நாடு அவனைத் தன் ஆளாக எடுக்கவில்லை. அவன் கண்ணாலும் காணாத இந்தியாவும் எடுக்கவில்லை. நான் அவனைத் தோட்டத்து மெசின் கொட்டிலில், தண்ணீர் இறைக்கும் மெசினுக்குப் பக்கத்தில் படுக்கவிட்டிருந்தேன். வெளியாள் ஒருவர் தங்கினால் ஊருக்குப் பொறுப்பான விதானையாருக்கு அறிவிக்க வேண்டும். நான் அறிவிக்கவில்லை. அறிவித்தால் யார் எவர் என்று கேள்வி வரும். ஆமி சுற்றிவளைக்கிற காலம்.

முதுகில் கட்டி மருந்தடிக்கிற கைமெசின் ஒன்று என்னிடம் இருந்தது. அதன் வாஷர் தேய்ந்து, மூடியடியால் ஒழுகும். சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றிக் கட்டியிருந்தேன். மருந்துப் போத்தலில், உடம்பில் படக்கூடாது, பட்டால் உடனே சோப் போட்டுக் கழுவ வேண்டும் என்று எழுதியிருந்தது. நான் வாசிக்கத் தெரிந்தவன். வாசித்துமிருந்தேன். ஆனால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் சட்டையில்லாமல் வெறும் மேலோடுதான் மருந்தடித்தார்கள். அதனால் அது யாருக்கோ எழுதியது போல இருந்தது.

அன்று சனிக்கிழமை. வெங்காயத்தில் புழு விழுந்திருந்தது. சன்னாசி காலையில் மெசினைக் கட்டிக்கொண்டு இறங்கினான். நான் வரம்பில் நின்று கலந்து கொடுத்தேன். வெயில் ஏறிய பிறகு பார்த்தால், அவன் வரிசையின் நடுவில் நின்றுவிட்டான். வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. வாந்தி எடுத்தான், பிறகு அப்படியே முழங்காலில் விழுந்தான். ஓடிப்போய் மெசினைக் கழற்றினேன். கழற்றும்போது மிச்ச மருந்தெல்லாம் என் தோளிலும் நெஞ்சிலும் ஊற்றுண்டது. அதைக் கவனிக்க நேரமில்லை. ஒரு பழைய மொறிஸ் மைனர் காரைப் பிடித்து, அவனை என்மேல் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே ஓர் இளம் டொக்ரர் நின்றார். சன்னாசியின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார்.

“மருந்தோ?” என்று கேட்டார்.

“ஓம்” என்றேன்.

“குடிச்சவரோ?”

“ஓம்.”

முதல் ஓம் உண்மை. இரண்டாவது பொய். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்களில் மருந்து என்று ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தால், அநேகமாக அவர் குடித்தவராகத்தான் இருப்பார். சோதனை பெயிலானவர்கள், வீட்டில் சண்டை பிடித்தவர்கள் என்று கிழமைக்குக் கிழமை வருவார்கள். டொக்ரர் அந்தப் பழக்கத்தில் கேட்டார். இல்லை, மருந்தடித்தவர் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், யாருடைய தோட்டம், இவன் யார், எங்கே தங்கியிருக்கிறான் என்று தொடரும். தொழிற்சாலையில் விரல் போனவனுக்கு நட்டஈடு உண்டு என்பதெல்லாம் கந்தோர்க்காரனான எனக்குத் தெரியும். என் தறையில் விழுந்தவனுக்கு ஒன்றுமே இல்லை என்பதும் தெரியும். அவனுக்கு ஒன்றும் கிடைக்கப் போவதில்லை, எனக்குத்தான் கரைச்சல் என்று ஒரு நொடிக்குள் கணக்குப் பார்த்தேன். அந்த நொடியில் நான் நினைத்தது அவன் உயிரை அல்ல, என் பென்சனை.

குடித்தவருக்குச் செய்வதையே அவனுக்கும் செய்தார்கள். மூக்கு வழியாக வயிற்றுக்குள் குழாய் விட்டுத் தண்ணீர் ஊற்றி, திரும்ப இழுத்துக் கழுவுவார்கள். திரைக்கு இந்தப் பக்கம் வாங்கிலிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வயிற்றில் ஒன்றுமே இல்லாத மனிதன். மருந்து முழுக்க அவன் கட்டியிருந்த சாரத்திலும் தோலிலும் ஊறிக்கொண்டிருந்தது.

பிறகு என் கண் மங்கியது. வாய் நிறைய உமிழ்நீர் சுரந்தது. கால் சதைகள் தாமாகத் துடித்தன. டொக்ரர் என் சேர்ட்டை மணந்து பார்த்துவிட்டு, உடனே கழற்றிக் குளிக்கவார்க்கச் சொன்னார். இந்த மருந்து தோலாலும் உள்ளே போகும், கழுவாவிட்டால் போய்க்கொண்டே இருக்கும் என்று எனக்கு விளக்கினார். என்னை இரண்டு தரம் சோப் போட்டுக் குளிப்பாட்டிய அற்றென்டன் செபமாலை, குருநகர்க்காரர், நல்ல மனிதர். அவரிடம், அவனையும் கழுவுங்கோ, போத்தல் மேலிலும் ஊற்றுண்டது என்றேன். அவர் ஓடிப்போய்ச் சொன்னார், அவனையும் கழுவினார்கள். டொக்ரர் விளக்கியதற்கும் நான் வாய்திறந்ததற்கும் இடையில் எவ்வளவு நேரம் போனது என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. நினைவுபடுத்த நான் முயன்றதும் இல்லை.

எங்களை அடுத்தடுத்த கட்டிலில் போட்டார்கள்.

இந்த நோய்க்கு ஊசி ஒன்றுதான். அற்றோபீன் என்று பெயர். பூச்சி மருந்து உடம்பின் ஈரம் எல்லாவற்றையும் திறந்துவிடும். கண்ணீர், எச்சில், வியர்வை, நெஞ்சுக்குள் சளி என்று ஆள் தன் நீரிலேயே மூழ்கிச் சாவான். அற்றோபீன் அதையெல்லாம் அடைக்கும். வாய் காய்ந்து, முகம் சிவந்து, குண்டூசித் தலையளவாகச் சுருங்கிய கண்மணி விரிந்தால் ஊசி பிடித்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் அந்த அளவுக்கு ஏற்றும்போது மூளை கலங்கும். நோயாளி போர்வையில் இல்லாத நூலைப் பிடுங்குவான், இல்லாத ஆட்களோடு கதைப்பான்.

நானும் கதைத்தேன். முழு வார்ட்டும் கேட்கக் கதைத்தேனாம். வெங்காயங்கள் லீவு கேட்டு வரிசையாகச் சுவரில் ஏறிக் கந்தோருக்குப் போகின்றன, மறியுங்கோ என்றேனாம். பிறகு, சன்னாசி குடிக்கவில்லை, நான்தான் ஒழுகுகிற மெசினைக் கட்டிவிட்டேன், அவனை விடுங்கோ என்று கட்டிலில் எழும்பி இருந்து கத்தினேனாம். எல்லோரும் சிரித்தார்களாம். செபமாலை என்னைப் பிடித்துப் படுக்கவைத்துவிட்டு, “அது அவரில்லை, மருந்து கதைக்குது” என்று மற்றவர்களுக்குச் சொன்னாராம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் என் மனைவி பரமேஸ். நான் தெளிந்த அன்று கட்டிலோரத்தில் இருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“இஞ்சருங்கோ, அவன் காலமை மருந்தடிக்கத்தானே போனவன். எப்ப குடிச்சவன்? நீங்கள் கத்தினது உண்மையே?”

“வெங்காயம் சுவரிலை ஏறினதும் உண்மையே?” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. சுடுதண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகி மூடினாள். அந்தப் பகிடியால் நான் தப்பிக்கொண்டேன். என் வாயால் உண்மை வந்ததும் உண்மை, அதை ஒருவரும் உண்மையாக எடுக்காததும் உண்மை. இதைவிட வசதியான நிலை ஒரு மனிதனுக்குக் கிடைக்காது.

அதற்குப் பிறகு வந்த நாட்களைத்தான் சொன்னேன், இன்றும் மனம் அங்கே போகிறது என்று. சன்னாசியும் தெளிந்தான். குரல் மட்டும் கரகரத்துப் போயிருந்தது. வீட்டில் அவனுக்கென்று கிணற்றடியில் ஒரு தகரப் பேணி வைத்திருந்தோம். தேத்தண்ணி அதில்தான். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் ஒரேமாதிரியான கோப்பை. பரமேஸ் சாப்பாட்டுக் கரியரைத் திறந்தால், ஒரு தட்டு எனக்கு, ஒரு தட்டு அவனுக்கு. இரசத்தில் அவனுக்கு உறைப்புக் காணாது. எங்கடை மிளகாயை விளைவித்தவனுக்கே உறைப்புக் காணாதாம் என்று பரமேஸ் பகிடி பண்ணுவாள். அவன் மலைநாட்டுக் குளிரைப் பற்றிச் சொல்வான். விடியற்காலையில் மூடுபனிக்குள் பக்கத்தில் கொழுந்து பறிப்பவரின் முகம் தெரியாதாம், இருமலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பார்களாம். யாழ்ப்பாண வெயிலில் எல்லோருடைய முகமும் தெரிவது அவனுக்கு முதலில் கூச்சமாக இருந்ததாம். வருடக்கணக்காக என்னோடு கந்தோரில் இருந்தவர்களோடு நான் அவ்வளவு கதைத்ததில்லை. எனக்குச் சுகவீன லீவு, சம்பளத்தோடு. அவனுக்குப் படுத்த நாளுக்குக் கூலியில்லை. ஆனாலும் அவன்தான் சந்தோஷமாக இருந்தான். பிறந்ததற்கு இவ்வளவு நாள் படுத்திருந்து சாப்பிட்டது இதுதான் முதல் தடவை என்றான்.

ஒருநாள் ஆஸ்பத்திரிப் பொலிஸ்காரர் நாளைக்கு வாக்குமூலம் எடுக்க வருவார் என்று செபமாலை சொல்லிவிட்டுப் போனார். தற்கொலைக்கு முயல்வது அப்போது குற்றம். செபமாலை போன பிறகு சன்னாசி என் பக்கம் திரும்பிப் படுத்தான். கேட்டான்.

“நான் எதுக்குங்க ஐயா குடிச்சேன்?”

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே காரணம் தேடினான். நான் சொன்ன பொய் அவனுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. குழாய் விடும்போது குடித்தாயா என்று கேட்டார்களாம், தலையாட்ட முடியவில்லையாம். நான் அவனுக்கு விளக்கினேன்: மருந்தடித்ததென்று சொன்னால் அட்டை எங்கே என்று கேட்பார்கள், அட்டையில்லாதவனை ஆமிக் காம்புக்குக் கொண்டுபோவார்கள், குடித்ததென்றால் ஏசிவிட்டுப் போய்விடுவார்கள், இது உன் நன்மைக்குத்தான். அதில் உண்மையும் இருந்தது. அதுதான் அதைச் சொல்வதற்கு இலகுவாக இருந்தது.

“தீராத வயிற்றுவலி எண்டு சொல்லு” என்றேன். பேப்பரில் எல்லோருக்கும் அப்படித்தான் போடுவார்கள்.

அவன் கேட்டான். “வயித்து வலிக்கு மருந்து குடிச்சா அது வைத்தியந்தானேங்க ஐயா. அதுக்குமா பொலிசு?”

இருவரும் சிரித்தோம். எனக்கு நெஞ்சு நோகும்வரை சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் காதில் இருக்கிறது. மறுநாள் பொலிஸ்காரர் வந்தார். வயிற்றுவலி என்றான், எழுதிக்கொண்டார். அட்டை கலவரத்தில் எரிந்துவிட்டது என்று நான் குறுக்கே சொன்னேன், அதையும் எழுதிக்கொண்டார். இனி இப்படிச் செய்யாதே என்று ஏசிவிட்டுப் போய்விட்டார். எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அவன் மனைவி லெச்சுமி வந்தாள்.

மெலிந்த பெண். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. மூத்ததை அயலில் விட்டுவிட்டு, கூலிக்கு வந்த யாரோ போய்ச் சொன்னதைக் கேட்டுப் பஸ் மாறி மாறி வந்திருந்தாள். வாசலில் விசாரித்தபோதே, மருந்து குடிச்ச ஆளோ, அங்கை மூலைக் கட்டில் என்று காட்டிவிட்டிருக்கிறார்கள். அவள் அழவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்று அவனைப் பார்த்தாள்.

“வயித்துவலின்னு எழுதியிருக்காமே. எனக்குத் தெரியாம ஒனக்கு எப்ப வயித்துவலி வந்துச்சு?”

“நான் குடிக்கல புள்ள” என்றான் அவன், மெதுவாக.

“ஆசுபத்திரியே சொல்லுது. அடிச்சு வெரட்டுனப்பகூட நீ அழல. எல்லாத்தையும் விட்டுட்டு ஓடியாந்தப்ப, நாம நாலு பேரும் இருக்கோம்ல, அது போதும்னு சொன்னது நீதான். அப்புறம் எங்கள என்ன செய்யச் சொல்லிக் குடிச்ச?”

“ஐயாவக் கேளு” என்றான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். “ஐயா, இவரு குடிச்சாருங்களா?”

பரமேஸ் அப்போது என் கட்டிலோரத்தில் நின்றாள். இரண்டு கட்டில் தள்ளி வார்ட்டுத் தாதி மிஸி ஒரு நோயாளிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்கும்.

“எனக்கு அப்ப நினைவில்லை, பிள்ளை” என்றேன். “எனக்கும் ஏலாமல் கிடந்தது.”

அந்த இரண்டாவது ஓம் பயத்தில் வந்தது. இது ஆற அமர யோசித்துச் சொன்னது.

லெச்சுமி போகவில்லை. அவன் கட்டிலுக்குக் கீழே நிலத்தில் இருந்துகொண்டாள். அவன் கைகழுவப் போனால் பின்னால் போனாள். குளிசை கொடுத்தால், தன் கையில் வாங்கி எண்ணிவிட்டுத்தான் கொடுத்தாள். மத்தியான வேளைகளில் களைத்துப்போய்ப் படுப்பாள். படுக்கும்போது தன் சேலைத் தலைப்பை அவன் மணிக்கட்டில் முடிந்துவிடுவாள். அவன் எழும்பினால் இழுக்கும், விழித்துக்கொள்வாள். சன்னாசி அசையாமல் கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டபடி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். அதற்குப் பிறகு அவன் பகிடி விடவில்லை. வார்ட்டில் மற்றவர்கள், என்ன பாசம் என்று மெச்சினார்கள்.

ஒருநாள் பரமேஸ் எனக்குச் சோறு போட்டுவிட்டு, அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உதைப் பாத்துக்கொண்டு எப்பிடிச் சாப்பிடுறியள்?” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அந்தக் கேள்விக்கு எங்கள் மணவாழ்க்கை முடியும்வரை நான் பதில் சொல்லவில்லை, அவளும் இன்னொரு தரம் கேட்கவில்லை.

அவர்களைப் பிறகு நான் காணவில்லை. அவன் மீண்டும் எங்கள் பக்கம் கூலிக்கு வரவில்லை. மருந்து குடிச்ச சன்னாசி என்றுதான் இப்போது அவனைக் கூப்பிடுகிறார்கள் என்றும், காட்டுக்கு விறகுக்குப் போனாலும் பெண்சாதி கூடவே போகிறாள் என்றும் அங்கிருந்து வந்த ஒருவன் சொன்னான். பிறகு சண்டை, பாதை அடைப்பு, இடம்பெயர்வு. நாங்களும் ஒரு மழை நாளில் எங்கள் வலிகாமப் பகுதியை விட்டு மூட்டை முடிச்சோடு நடந்தவர்கள்தான். வன்னியில் இருந்த மாதங்களில் விசாரித்தேன். அந்தக் குடியேற்றத்தில் அப்போது ஒருவரும் இல்லை.

அவர்கள் ஆஸ்பத்திரியை விட்டுப்போன காலையைச் சொல்லி முடிக்கிறேன்.

அவனுக்கு வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டிவிட்டார்கள். எனக்கு இன்னும் ஒருநாள் இருந்தது. லெச்சுமி ஒரு சீலைப் பையில் அவனுடைய சாரத்தையும் குளிசைகளையும் வைத்துக் கட்டினாள். என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார்கள். நான் கட்டிலை விட்டு இறங்கி நின்றேன். மணிக்கட்டு முடிச்சு என்னை ஒரு கிழமையாகத் தின்றுகொண்டிருந்தது. சொல்லிவிட்டேன்.

“பிள்ளை, இவன் மருந்து குடிக்கேல்லை. என்ரை தோட்டத்துக்கு மருந்தடிச்சவன். மெசின் ஒழுகி மேலெல்லாம் ஊறினது. குடிச்சதெண்டு சொன்னது நான்தான்.”

அவள் என்னையே பார்த்தாள். வந்த நாளிலிருந்து அழாதவளின் கண் நிறைந்தது.

“நல்ல மனசுங்க ஐயா ஒங்களுக்கு” என்றாள். “நான் வேதனப்படுறேன்னு பழிய நீங்க எடுத்துக்கிறீங்க. இந்தப் புள்ள பெரிசாகி அப்பனப் பத்திக் கேட்டா, நானும் இப்பிடித்தாங்க சொல்லணும்.”

“இல்லைப் பிள்ளை, உண்மையாத்தான்.”

“சரிங்க ஐயா” என்றாள், நோயாளிக்குச் சொல்வதுபோல. குழந்தையை இறக்கி நிறுத்தி, அதன் தலையை என் காலடிக்குக் குனியவைத்தாள். பிறகு தானும் குனிந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

டொக்ரர் வார்ட்டின் மற்ற அந்தத்தில் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் முன்னால் நான் சொன்னால் அவள் நம்பியே தீருவாள்.

“வேணுமெண்டால் டொக்ரரிட்டைப் போய்ச் சொல்லுவம்” என்றேன்.

நான் சொன்ன அந்த ‘வேணுமெண்டால்’ சன்னாசிக்கு விளங்கியது. பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். அந்த ஒரு கிழமையில் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தான்.

“விடுங்க ஐயா” என்றான். “பஸ்ஸு போயிரும்.”

அதைத்தான் நான் எதிர்பார்த்து நின்றேன். அவர்கள் மூவரும் படியிறங்கிப் போனார்கள். அவள் அவன் கையைப் பிடித்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் டொக்ரர் என் கட்டிலுக்கு வந்து கண்ணைப் பார்த்தார், நாடியைப் பிடித்தார். இப்ப எப்பிடி இருக்கு, ஏதும் சொல்லக் கிடக்கோ என்று கேட்டார்.

சுகம் என்றேன்.